பெருமித நகர்

போர்க்காலத்து அரசுகள் மக்களின் நெஞ்சுறுதி தளராதிருத்தற்பொருட்டுச் சித்திரங்களையும் துணைக்கழைப்பதுண்டு. அவற்றுட் பல, போர் முடிந்ததும் தம் பயனும் முடிந்தொழிந்தன. அவ்வாறு ஒழியாத ஒரு தொகுதியைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றேன்.

இரண்டாம் உலக மகாயுத்தத்திலே, 1940 செப்டெம்பர் 7 முதல் 1941 மே வரை, ஜேர்மன் விமானங்கள் இலண்டன் மாநகர்மீது குண்டுமாரி பொழிந்தன. 1940 டிசெம்பர் 29ஆம் நாளிரவு சென். போல் பேராலயத்தின் சுற்றுப்புறம் தீக்கிரையாயிற்று. புத்தக வாணிகர் மலிந்த பற்றர்நொஸ்ரர் வீதியில் இலட்சக்கணக்கான நூல்கள் வெந்து சாம்பராயின. புகைமண்டலத்தின்மேல் ஆலயத்தின் குவிமாடம் சிதையாது நின்றது. அக்காட்சியை ஹேபேர்ட் மேசன் என்பார் நிழற்படமாக்கினார். அதனை 'டெயிலி மெயில்' வெளியிட, நகர் வீழ்ந்திலது என மக்கள் தேறினர். அடுத்த மாதமே பேர்ளின் சஞ்சிகையொன்றும் அப்படத்தையே வெளியிட்டது. இலண்டன் எரிகின்றது என்பதற்கு அதுவே அவர்களுக்குச் சான்று!

படம் ஒன்று, பொருள் இரண்டு. தமிழ் கற்றார்க்கு இது புதுமையன்று. பகைவர் நாட்டை எரியூட்டுதல் வஞ்சித்திணையின் ஒரு துறை. முற்றுகையுற்ற மதிலைக் காத்தல் நொச்சித்திணை. நெருப்பு ஒன்றேயாயினும், பாடுவோன் நிற்கும் பக்கம் பற்றிப் பாட்டு வேறுபடும்.

1944இல், பறக்குங் குண்டுகள் மீண்டும் இலண்டனைத் தாக்கிய அதே ஆண்டில், இலண்டன் போக்குவரத்துச் சபை 'பெருமித நகர்' என்னும் பெயரில் ஆறு சுவரொட்டிகளை வெளியிட்டது. வரைந்தவர் வோல்ற்றர் ஸ்பிராட்பெரி. அவர் போரை வெறுத்தவர். முதலாம் உலக யுத்தத்தில் மருத்துவப் படையிற் பணிபுரிந்தவர்.

அவர் இடிபாடுகளை மறைத்தாரல்லர். கவிஞர் மில்ற்றன் பிறந்த பிரெட் வீதியிலிருந்து பேராலயத்தைக் காட்டுகின்றார். முன்னர்க் கட்டடங்கள் மறைத்திருந்த ஆலயம், அவை வீழ்ந்தமையாற் புதுக்கோலத்துடன் தோன்றுகின்றது. மற்றொன்றில், சிதைந்த சென். தோமஸ் ஆஸ்பத்திரியும் அக்கரையிலே பாராளுமன்றமும் காண்கின்றோம். செல்சி மின்னிலையத்தையும் அவர் விட்டாரில்லை. பாதாள இரயிலுக்கு மின்னூட்டிய அவ்வுழைப்புக் கூடமும் கோயிலோடொத்த நகரச் செல்வமே என்பது அவர் கருத்துப் போலும்!

அழிவைக் காட்டின் மக்கள் சோர்வரன்றோ எனச் சிலர் வினவலாம். அம்மக்கள் அவ்விடிபாடுகளைக் கடந்தே நாடோறும் தொழிலுக்குச் சென்றனர். வடுவற்ற நகரொன்றைத் தீட்டிக் காட்டியிருப்பின் அதனைப் பொய்யென்றே தள்ளியிருப்பர். உள்ளதை ஒப்புக்கொண்ட ஓவியத்தையே அவர்கள் நம்புதல் கூடும். பகைவன் எடுத்துக்காட்டி எள்ளுதற்கும் அதில் இடமில்லை. அவன் சொல்லக்கூடியதை ஓவியரே முன்னர்ச் சொல்லிவிட்டார்.

பெருமிதத்தை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கிடத்துப் பிறக்கும் என்றார். தற்புகழ்ச்சியை அவர் அந்நான்கனுள் வைத்திலர். ஊரையோ நாட்டையோ புகழ்ந்து தீட்டிய படமொன்றைக் காணுந்தோறும், இதில் விடப்பட்டது யாது என வினவ நம் மாணாக்கர் பழகுவாராக. அவ்வினாவுக்கு விடை கூறவல்ல படமே பெருமிதம் என்னும் பெயருக்கு உரியது.