மூக்கைத் தாங்கும் என்பு

1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியர் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டார். மூக்கும் ஒரு கையும் போயின. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பூனாவுக்கு அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். மெழுகுத் தகட்டில் மூக்கின் அளவெடுத்து, அதை நெற்றியில் விரித்துக் கோடு கீறி, புருவ நடுவில் மட்டும் பற்றியிருக்கத் தோலை உரித்து, கீழே திருப்பிக் காசுக்கட்டிக் குழம்பால் ஒட்டினார். 1794இல் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மகசின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. நோயாளியின் பெயரைப் போட்ட பத்திரிகை, வைத்தியரின் பெயரைப் போடவில்லை!

தோலுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் கொக்கிளாய்க் கடற்கரையில் மீன்வாடி கட்டுபவரைக் கேளுங்கள்: முகட்டு வளை இல்லாமல் கிடுகு நிற்குமா? தாங்க ஒன்றுமில்லாத மூக்கும் காலப்போக்கில் சுருங்கி அமுங்கிவிடும். 1886இல் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் கோனிக், நெற்றித் தோலோடு அதன் அடியிலிருந்த என்பையும் மெல்லிய சிம்பாகச் செதுக்கி இறக்கியதற்குக் காரணம் இதுதான்.

இன்று மூக்கைத் தாங்குவதற்கு இடுப்பு, விலா, மண்டையோடு ஆகிய இடங்களிலிருந்து என்பை எடுக்கிறார்கள். எனக்கு வியப்பூட்டுவது மண்டையோடுதான். அது இரண்டு தட்டுகளால் ஆனது. வெளித்தட்டை மட்டும் செதுக்கினால் உள்தட்டு மூளையைக் காக்கும், தழும்பும் முடிக்குள் மறைந்துவிடும். இடுப்பு என்பைவிட அது குறைவாகவே கரைகிறது.

எடுத்த துண்டில் உள்ள கலங்களில் பெரும்பாலானவை இறந்துபோகும். என்றாலும் துண்டு வீணில்லை. அருகிலுள்ள உயிருள்ள என்பிலிருந்து குருதிக் குழாய்கள் அதற்குள் புகுந்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் புதிய என்பைப் படிய வைக்கின்றன. இதற்கு இரண்டும் நெருங்கித் தொட வேண்டும், அசையவும் கூடாது. அதனால் துண்டின் மேல்முனையை நெற்றியடியில் சிறு திருகாணியாலோ கம்பியாலோ இறுக்குகிறார்கள். துண்டின் உட்புறத்தை மூக்கின் ஈரத்தோல் மூடாவிட்டால் கிருமி புகுந்து எல்லாம் பாழ்.

மூக்குத் தண்டுக்கு என்பு சரி. நுனிக்கு அது ஒத்துவராது. விறைத்து நிற்கும், அடிபட்டால் முறியும். அங்கே காதிலிருந்தோ மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ எடுத்த கசியிழையத்தைத்தான் சத்திரசிகிச்சை நிபுணர்கள் வைக்கிறார்கள்.