மெயில் போச்சு, ஆனா போய்ச் சேரலை: ஒரு சர்வர், ரெண்டு டொமைன்

இன்னைக்கு எபிசோடு ஒரு போன் கால்ல ஆரம்பிக்குது.

போளூர்ல இருந்து ஜவ்வாது மலை ஏறினா ஜமுனாமரத்தூர் வரும். சாமை, தேன், புளி எல்லாம் கிடைக்கிற ஊர். அங்கே சாமையும் தேனும் வாங்கி, பேக் பண்ணி, சென்னை, பெங்களூரு கடைகளுக்கு அனுப்புற ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். ரெண்டு டொமைன் வச்சிருக்கார். ஒண்ணு சாமைக்கு, இன்னொண்ணு தேனுக்கு. ரெண்டுக்கும் ஒரே மெயில் சர்வர்.

"தம்பி, தேன் இன்வாய்ஸ் அனுப்பி பத்து நாள் ஆச்சு. போயிடுச்சுன்னுதான் காட்டுது. கடைக்காரர் வரவே இல்லைங்கறார். இதுல இன்னொரு கூத்து. என் பேர்ல எவனோ அவருக்கு மெயில் போட்டு, பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டோம், இதுல பணம் போடுங்கன்னு சொல்லியிருக்கான். நல்லவேளை, அவர் போன் பண்ணிக் கேட்டார்."

கவனிச்சீங்களா? நிஜமான மெயில் ஸ்பாம்ல கிடக்கு. பொய்யான மெயில் இன்பாக்ஸ்ல உட்கார்ந்திருக்கு. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். "இது எங்க மெயில்தான்"னு எதை வச்சு நம்பணும்ங்கறதை அந்த டொமைன் உலகத்துக்குச் சொல்லவே இல்லை.

கவர் வேற, லெட்டர்பேட் வேற

மெயில் அனுப்புற விதிமுறையான எஸ்.எம்.டி.பி.யை ஜான் போஸ்டல் 1982-ல் எழுதினார். அதுல அனுப்புறவர் யாருன்னு சோதிக்கிற வழியே கிடையாது. நீங்க என்ன பேர் போட்டாலும் அது எடுத்துக்கும்.

தபால் மாதிரி யோசிங்க. கவர் மேல அனுப்புநர் முகவரி ஒண்ணு இருக்கும். உள்ளே லெட்டர்பேட்ல ஒரு பேர் இருக்கும். மெயில்லயும் அப்படித்தான், ரெண்டு இடம். கவர்ல இருக்கிறதை சர்வர்கள் மட்டும்தான் பார்க்கும். நம்ம கண்ணுக்குத் தெரியற ஃப்ரம் வரி லெட்டர்பேட். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. மோசடி நடக்கிறது இந்த இடைவெளியிலதான்.

இதே மலையில காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1986-ல் இருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குது. அதை நடத்துற இந்திய வானியற்பியல் நிறுவனத்தோட டொமைன் டாட் ரெஸ் டாட் இன்னு முடியும். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டும் கொடுக்கிற பேர் அது. சும்மா டாட் இன்னா, காசு கட்டி யாரும் வாங்கலாம். ஆனா லெட்டர்பேட்ல போட்டுக்கிறதுக்கு ரெண்டையுமே வாங்கத் தேவையில்லை, டைப் பண்ணாப் போதும். அதனால பேரை மட்டும் பார்த்து எதையும் நம்ப முடியாது. டி.என்.எஸ். ரெக்கார்டைப் பார்த்துத்தான் நம்பணும்.

சர்வர் எங்கே இருக்கணும்?

அண்ணன் கேட்டார்: "சர்வரை இங்கே கடையிலயே வச்சா என்ன?" வேண்டாம்னு சொன்னேன். பிராட்பேண்ட் ஐ.பி. அடிக்கடி மாறும். பெரும்பாலும் போர்ட் 25-ஐ அடைச்சு வச்சிருப்பாங்க. வீட்டு இணைப்பு ஐ.பி.யில இருந்து வர்ற மெயிலைப் பெரிய சர்வர்கள் வாங்கவே யோசிக்கும். டேட்டா சென்டர்ல ஒரு சின்ன வி.பி.எஸ். போதும். அண்ணன் போன்ல படிச்சுக்கலாம்.

சர்வர் கொஞ்ச நேரம் படுத்துட்டா பயப்பட வேண்டாம். அனுப்புற சர்வர் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரைக்கும் வரிசையில வச்சிருக்கும். மெயில் தாமதமாகும், தொலையாது.

முதல்ல சர்வருக்கு ஒரே ஒரு பேர்

நிறைய பேர் குழம்புற இடம் இது. ரெண்டு டொமைன் இருந்தா சர்வருக்கும் ரெண்டு பேர் வேணும்னு நினைக்கிறாங்க. வேண்டாம். ஒரு ஹோஸ்ட்நேம் போதும். சாமை டொமைனுக்குக் கீழே "மெயில்"னு ஒரு பேர் வச்சோம். அந்தப் பேரைக் கேட்டா சர்வரோட ஐ.பி. வரணும். அந்த ஐ.பி.யைக் கேட்டா அதே பேர் திரும்ப வரணும். இந்த ரெண்டாவது விஷயம்தான் ரிவர்ஸ் டி.என்.எஸ். அதை டொமைன் வாங்கின இடத்துல மாத்த முடியாது. ஐ.பி. கொடுத்தவங்களோட கண்ட்ரோல் பேனல்லதான் இருக்கும். அண்ணன் சர்வர்ல அது காலியா இருந்தது. முதல் ஓட்டை.

போஸ்ட்ஃபிக்ஸ்ல மைடெஸ்டினேஷன்னு ஒரு பட்டியல், வெர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்னு இன்னொரு பட்டியல் இருக்கும். ஒரு டொமைனை ரெண்டுலயும் எழுதாதீங்க. எழுதினா மெயில் தப்பான பெட்டிக்குப் போகும், இல்லை திரும்பி வரும்.

அப்புறம் ஒவ்வொரு டொமைனுக்கும் நாலு ரெக்கார்டு

ஒண்ணு, எம்.எக்ஸ். இந்த டொமைனுக்கு வர்ற மெயிலை எங்கே கொடுக்கணும்னு சொல்றது. ரெண்டு டொமைனும் அந்த ஒரே ஹோஸ்ட்நேமைக் காட்டலாம். எம்.எக்ஸ்.ல பேர்தான் எழுதணும், ஐ.பி. எழுதக்கூடாது.

ரெண்டு, எஸ்.பி.எஃப். எங்க பேர்ல அனுப்ப இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதின்னு சொல்ற பட்டியல். இது கவரைத்தான் சோதிக்கும். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். ரெக்கார்டுதான் இருக்கணும். தேன் டொமைன்ல ரெண்டு இருந்தது. வெப்சைட் போட்டவர் ஒண்ணு எழுதியிருக்கார், சர்வர் போட்டவர் இன்னொண்ணு எழுதியிருக்கார். ரெண்டு இருந்தா, வாங்குற சர்வர் எதையும் எடுத்துக்காது, பிழைன்னு சொல்லிடும். ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்கினோம். இன்னொரு வரம்பும் இருக்கு. அந்த ரெக்கார்டைச் சோதிக்கும்போது 10 டி.என்.எஸ். தேடலுக்கு மேல போனாலும் பிழைதான். கண்ட சேவையையும் இன்க்ளூட் பண்ணாதீங்க.

மூணு, டிகிம். இது கையெழுத்து. சர்வர்ல ரகசியச் சாவி, டி.என்.எஸ்.ல பொதுச் சாவி. மெயிலை வேறொருத்தருக்குத் திருப்பிவிட்டா எஸ்.பி.எஃப். பொதுவா தோத்துடும், டிகிம் பெரும்பாலும் தாங்கும். சாவி 2048 பிட்டா இருக்கட்டும். ஆனா டி.எக்ஸ்.டி. ரெக்கார்டுல ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் இடம், அதனால ரெண்டு துண்டா எழுத வேண்டி வரலாம். அண்ணன் சர்வர்ல சாமை டொமைனுக்கு மட்டும் சாவி இருந்தது. தேன் மெயில் எல்லாம் கையெழுத்தே இல்லாமப் போயிருக்கு.

இப்போ இன்வாய்ஸுக்கு என்ன ஆச்சுன்னு புரியுதா? கடைக்காரர் வச்சிருந்தது சாதாரண ஜிமெயில். 2024 பிப்ரவரியில இருந்து ஜிமெயிலுக்கு அனுப்புற எல்லாருக்கும் எஸ்.பி.எஃப். இல்லைன்னா டிகிம், ஏதாவது ஒண்ணாவது வேணும்னு கூகுள் விதி வச்சிருக்கு. ரிவர்ஸ் டி.என்.எஸ்.ஸும் கட்டாயம். தேன் டொமைன் மூணுலயும் ஃபெயில்.

நாலாவது ரெக்கார்டு: டிமார்க்

கவரையும் லெட்டர்பேடையும் முடிச்சுப் போடுறது இதுதான். எஸ்.பி.எஃப். பாஸ் ஆச்சா? சரி, ஆனா எந்த டொமைனுக்குப் பாஸ் ஆச்சு? கண்ணுக்குத் தெரியற ஃப்ரம் டொமைனோட அது பொருந்துதா? டிகிமுக்கும் இதே கேள்விதான். ரெண்டுல ஒண்ணாவது பொருந்தணும். அதனாலதான் தேன் மெயிலுக்கு சாமை டொமைன் கையெழுத்தைப் போட்டு ஒப்பேத்த முடியாது. கையெழுத்து சரியா இருந்தாலும் டிமார்க் ஒத்துக்காது. ஒவ்வொரு டொமைனுக்கும் தனிச் சாவி வேணும்.

பொருந்தலைன்னா என்ன பண்ணணும்னும் இதுலயே சொல்லலாம். 'நன்'னு போட்டா ஒண்ணும் பண்ண வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்பு. 'குவாரண்டைன்'னா ஸ்பாம்ல போடு. 'ரிஜெக்ட்'னா வாங்காதே. எடுத்த எடுப்புல ரிஜெக்ட் போடாதீங்க. நாங்க நன்னுதான் வச்சு, சில வாரம் அறிக்கையைப் பார்த்தோம். அப்பதான் தெரிஞ்சது, வெப்சைட்ல இருந்து போற ஆர்டர் மெயில் வேற சர்வர் வழியாப் போகுதுன்னு. முதல் நாளே ரிஜெக்ட் போட்டிருந்தா, அண்ணனோட ஆர்டர் மெயிலை நாங்களே தடுத்திருப்போம். அதைச் சரி பண்ணிட்டு குவாரண்டைன், அப்புறம்தான் ரிஜெக்ட்.

இது தடுக்காத விஷயம்

அண்ணன் டொமைனை அப்படியே போட்டு எழுதுற பொய் மெயில் இனிமேல் டிமார்க் பார்க்கிற சர்வர்கள்ல நிக்கும். ஆனா ஒரு எழுத்து மாத்தி வேற டொமைன் வாங்கி அனுப்பினா, அது இன்னொருத்தரோட சொந்த டொமைன். எல்லா சோதனையும் பாஸ் ஆகும். அதனால கடைக்காரர்கிட்ட அண்ணன் ஒண்ணு சொல்லி வச்சிருக்கார்: "அக்கவுண்ட் நம்பர் மாறுச்சுன்னு மெயில் வந்தா, எனக்குப் போன் பண்ணாம ஒரு ரூபாய் போடாதீங்க." அவரைக் காப்பாத்தினதே அந்தப் போன் கால்தானே.

சர்வரே வேண்டாம், ஜோஹோ மெயில் மாதிரி சேவை வாங்கிக்கிறேன்னு சொல்றவங்களுக்கும் இந்த நாலு ரெக்கார்டு உண்டு. சர்வரை அவங்க பார்த்துப்பாங்க, உங்க டொமைன்ல எழுத வேண்டியது நீங்கதான்.

இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஆபீஸ் மெயில்ல இருந்து உங்க ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போடுங்க. கம்ப்யூட்டர்ல அதைத் திறந்து, மூணு புள்ளி மெனுல ஷோ ஒரிஜினல் அழுத்துங்க. எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க், மூணுக்கும் நேரே பாஸ்னு வருதா பாருங்க. வேற டொமைன் இருந்தா அதுல இருந்தும் ஒண்ணு போட்டுப் பாருங்க. அண்ணன் சாமை டொமைனை மட்டும் சோதிச்சுட்டு எல்லாம் சரின்னு ஒரு வருஷம் இருந்துட்டார்.

இன்வாய்ஸ் திரும்ப அனுப்பினோம், இன்பாக்ஸ்லயே விழுந்துச்சு. அடுத்த வாரம் பணமும் வந்துடுச்சுன்னு போன் பண்ணார்.