கல்லறைத் திருநாளும் மெக்சிகோவின் செண்டுமல்லியும்

நவம்பர் 1 புதுச்சேரியின் விடுதலை நாள். மறுநாள் கல்லறைத் திருநாள். அதற்காக நேரு வீதியிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்து பூக்கடைப் பக்கம் போகிறவர்கள் சாமந்தி, சம்பங்கி, ரோஜாவோடு செண்டுமல்லியும் வாங்குவார்கள். உப்பளம் கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவையைத் துடைத்து, பூவைப் பரப்பி மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

ஆயுத பூஜைக்கும் அள்ளி வைக்கிறோம் என்பதால் செண்டுமல்லியை நம்மூர்ப் பூ என்றே நினைக்கிறோம். அதன் பூர்வீகம் மெக்சிகோ. ஸ்பெயின்காரர்கள் 1521இல் அந்த நாட்டைப் பிடித்த பிறகுதான் அது கடல் தாண்டியது. மெக்சிகோவிலும் அது செத்தவர்களுக்கு உரிய பூ, அதே நவம்பர் 2-க்கு.

நாள் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் திருச்சபை. பிரான்சின் க்ளூனி மடத்தில் தலைவர் ஓடிலோ ஆயிரம் வருஷத்துக்கு முன் தொடங்கிய வழக்கம் இது. நமக்குப் பிரெஞ்சு மிஷனரிகள் வழியாகவும் மெக்சிகோவுக்கு ஸ்பானியக் குருக்கள் வழியாகவும் வந்தது. ஆனால் அங்கிருந்த பூர்வகுடிகள் செத்தவர்களுக்கு ஏற்கெனவே விழா எடுத்து வந்தார்கள். இரண்டும் கலந்ததில்தான் மெக்சிகோ விழாவின் அழகெல்லாம் இருக்கிறது.

நாம் கல்லறையைத் தேடிப் போகிறோம். அவர்களும் போவார்கள், பாட்டு பாடி ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். ஆனால் முக்கியமாக, செத்தவர்கள் அன்றைக்கு வீட்டுக்கு வருகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. முதல் தேதி குழந்தைகள், மறுநாள் பெரியவர்கள். வழி தெரியவேண்டுமே! வாசலிலிருந்து செண்டுமல்லி இதழ்களைப் பாதையாகத் தூவுகிறார்கள். அந்த நிறமும் வாசனையும் கூட்டிவரும். பாதை முடிகிற இடத்தில் ஒஃப்ரெந்தா என்கிற படையல் மேடை: போட்டோ, மெழுகுவத்தி, தூர வழி வந்தவர் தாகத்துக்குத் தண்ணீர், உப்பு, இந்த நாளுக்கென்றே சுடுகிற இனிப்பு ரொட்டி, அவருக்குப் பிடித்த சாப்பாடு. பெயர் எழுதிய சர்க்கரை மண்டையோடுகளும் இருக்கும். கேலிக்காக வைப்பதில்லை, பிரியத்தில் வைப்பது.

சினிமா பார்த்துவிட்டு, மெக்சிகோ நகரின் பிரம்மாண்ட ஊர்வலம்தான் திருவிழா என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஊர்வலம் 2016இல்தான் தொடங்கியது, அதுவும் முந்தின வருஷம் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பார்த்து. யுனெஸ்கோ 2008இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பூர்வகுடிச் சமூகங்கள் வீட்டிலும் கல்லறையிலும் காத்துவந்த இந்த வழக்கத்தை.

மகாளய அமாவாசைக்கு இலை போட்டுப் படைக்கும் வீட்டாருக்கு ஒஃப்ரெந்தாவை அதிகம் விளக்கவேண்டியதில்லை. நம் ஊரில் புரட்டாசியில் ஒரு வீட்டிலும் நவம்பரில் இன்னொரு வீட்டிலும் நடப்பதை, மெக்சிகோக்காரர்கள் ஒரே வீட்டில் ஒரே விழாவில் செய்கிறார்கள்.