"அப்பாவையே வரச் சொல் தம்பி!"

"அப்பா சிகரெட் வாங்கி வரச் சொன்னார், அண்ணாச்சி" என்று பள்ளிச் சிறுவன் காசை நீட்டுவது நம் ஸ்ரீவைகுண்டம் கடைகளிலும் பழகிய காட்சிதான். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று நாமும் கொடுத்து விடுகிறோம்.

18 வயது நிரம்பாதவருக்குப் பீடி, சிகரெட் விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதம் 200 ரூபாய் வரை. கல்விக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமோ, சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் நாடெங்கும் தடை. இருப்பு வைப்பதும் குற்றமே.

சில்லறை லாபத்துக்கு இந்த ஆபத்து தகுமா? "அப்பாவையே வரச் சொல் தம்பி" என்று திருப்பி அனுப்புவோம். அவர் கோபித்தால் ஒரு நாள் வியாபாரம் போகும். பழக்கம் பிடித்தால் பிள்ளையே போய்விடும்.