சரிவு கடையும் துணைக்கருவி

துளையிடும் இயந்திரத்தில் பெரிய துரப்பணத்தைப் பொருத்துவதைக் கண்டிருக்கிறீர்களா? அங்கே இறுக்கும் திருகு இல்லை. துரப்பணத்தின் கூம்பிய வாலை, அதே சரிவுள்ள துளைக்குள் ஓங்கிச் செருகினால் போதும். உராய்வே அதைப் பற்றிக்கொள்கிறது. ‘மோர்ஸ் டேப்பர்’ எனப்படும் இச்சரிவு ஏறத்தாழ 20-க்கு 1. அதாவது 20 மி.மீ. நீளத்தில் விட்டம் 1 மி.மீ. குறையும். இது சிறிது பிசகினாலும் வால் ஒரு முனையில் மட்டுமே துளையைத் தொடும்; பிடிப்பு போய்விடும்.

இத்தகைய சரிவை லேத்தில் கடைவது எவ்வாறு?

காம்பவுண்ட் ரெஸ்டைச் சாய்த்துக் கடையலாம். ஆனால் அதன் ஓட்டம் குறைவு. பெரும்பாலும் கையாலேயே சுற்ற வேண்டும். டெயில்ஸ்டாக்கை நடுக்கோட்டிலிருந்து விலக்கியும் கடையலாம். அப்போது மையமுனைகள் துளைகளில் செம்மையாக அமர்வதில்லை. துண்டின் நீளம் மாறினால் சரிவும் மாறும். துளையின் உட்புறச் சரிவுக்கோ இம்முறை உதவாது.

இக்குறைகளை நீக்குவதே சரிவு கடையும் துணைக்கருவி. லேத்தின் பின்புறம் ஒரு வழிகாட்டிச் சட்டம் உண்டு. அதை வேண்டிய கோணத்திற்குத் திருப்பி இறுக்கலாம். அதன்மீது நழுவும் கட்டை கிராஸ் ஸ்லைடுடன் இணைக்கப்படுகிறது. எளிய வகைக் கருவியில் கிராஸ் ஸ்லைடைத் திருகாணியின் பிடியிலிருந்து முதலில் விடுவிக்க வேண்டும். பின் கேரேஜ் நீளவாக்கில் ஓடும். சட்டம் அசையாது நிற்கும். கட்டை சாய்ந்த பாதையில் செல்ல, உளியும் குறுக்கே நகரும். வெட்டின் ஆழத்தை, குறுக்குவாட்டில் திருப்பிய காம்பவுண்ட் ரெஸ்டினால் கொடுப்பர்.

ஓர் எடுத்துக்காட்டு: பெரிய விட்டம் 40 மி.மீ., சிறியது 30 மி.மீ., நீளம் 100 மி.மீ. விட்ட வேறுபாட்டில் பாதியாகிய 5-ஐ 100-ஆல் வகுத்தால் 0.05. இதை டேன்ஜன்டாக உடைய கோணம் ஏறத்தாழ 2 பாகை 52 கலை. பாதியாக்க மறந்தால் சரிவு இருமடங்காகிவிடும்!

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். உளிமுனை மைய உயரத்திலேயே நிற்க வேண்டும். இல்லையேல் சரிவு நேர்கோடாக அமையாது. இணைப்புகளிலுள்ள தளர்வு நீங்க, துண்டின் விளிம்புக்குச் சற்று முன்னரே ஓட்டத்தைத் தொடங்க வேண்டும்.

கடைந்தபின் சரிவின்மேல் நீல மையை மெல்லியதாய்த் தடவி, அளவுத் துளையில் செருகிச் சிறிது திருப்பி எடுப்பர். நீளம் முழுதும் மை ஒரே சீராக அழிந்திருந்தால் வேலை சரி. பள்ளியில் படித்த சாய்தளமே லேத்தின் பின்னால் படுத்துக்கொண்டு பணிபுரிகிறது என்பதை எண்ணும்போது, பாடநூலும் பட்டறையும் அவ்வளவு தொலைவில் இல்லை என்பது விளங்கும்.