இலவச வைத்திய சேவையும் மக்கள் மனநிலையும் – சில அவதானிப்புகள்

அரசாங்க வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவில் விடிகாலையிலேயே இலக்கத் துண்டுக்காக வரிசையில் நிற்பவரிடம் அவ்வைத்தியசாலையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஏச்சே விடையாகக் கிடைக்கும். மருந்து இல்லை, இரத்தப் பரிசோதனைக்கு வெளியே போகச் சொல்கிறார்கள், கேட்டால் சீறி விழுகிறார்கள் என முறைப்பாடுகள் அடுக்கப்படும். அதே மனிதர், தம் தாயார் விடுதியிற் கிடந்த இரவுகளை நினைவுகூரும்போது, "அந்தப் பிள்ளையும் என்ன செய்யும், இவ்வளவு பேருக்கும் ஒராள்தானே" என்று தாதிக்காகப் பரிந்து பேசுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், ஒரே மூலத்திலிருந்து பிறப்பனவென்றே நாம் கருதுகிறோம். தமக்குரியது என்று எண்ணும் ஒன்றையே மக்கள் இவ்வாறு உரிமையோடு ஏசவும், அதன் தளர்ச்சி கண்டு இரங்கவும் செய்வர்.

இவ்வுரிமையுணர்வு வரலாற்று அடிப்படை கொண்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின்னர், கிராமத்தவரின் நோயும் சாவும் அரசியற் பிரச்சினைகளாயின. ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய், குடியேற்ற ஆட்சியின் அசிரத்தையை அம்பலப்படுத்தியது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றதும், அவ்வனுபவம் 1935இன் இறுதியில் இடதுசாரிக் கட்சியொன்று உருவாவதற்குத் துணைநின்றதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கன. அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் அறவிடுவது 1951இல் நீக்கப்பட்டது. 1930களில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 2,000ஐயும் தாண்டியிருந்த தாய்மார் இறப்பு, அண்மைக் காலத்தில் நாற்பதுக்கும் கீழாக இறங்கியுள்ளது. இதிற் கிராமத்து மருத்துவிச்சியின் பங்கு பெரிது; ஆயினும் புள்ளிவிபர நூல்களில் அவளுக்கு இடம் கிடைப்பதில்லை.

வைத்தியத்தைத் தருமமாகவன்றி உரிமையாகவே மக்கள் கொண்டனர் என்பதற்கு 1971இன் அனுபவம் தக்க சான்று. அவ்வாண்டில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட முற்பட்டது. வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது. இடதுசாரிக் கட்சிகள் பங்குகொண்ட அரசாங்கமே இதனைச் செய்தது என்பதும், அதே ஆண்டில் அதே அரசாங்கத்தின் கீழ்ப் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது என்பதும் சிந்தனைக்குரிய முரண்பாடாகும். அக்கட்டணத்தின் தாக்கத்தை அச்சிறு நாணயத்தின் பெறுமதி கொண்டு மாத்திரம் அளவிடுதல் தவறு.

இன்றைய நெருக்குவாரத்தின் காரணங்கள் இரகசியமானவையல்ல. அண்மைப் பதிற்றாண்டுகளிற் சுகாதாரத்துக்கான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு சதவீதத்தைச் சுற்றியே நின்றுள்ளது. விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேலானோரை அரச வைத்தியசாலைகளே தாங்குகின்றன. எனினும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறக்குறையப் பாதி, மருந்துக் கடையிலும் பரிசோதனைக் கூடத்திலும் தனியார் சிகிச்சை நிலையத்திலும் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பதாகும். 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இத்துணை பெரிய கொடுப்பனவு மறைந்துள்ளது.

இன்னொரு காரணம் சற்றுச் சங்கடமானது. எந்த நோயாளியும் எந்த வைத்தியசாலைக்கும் நேரே செல்லலாம் என்பது நமது சேவையின் பெருமை. இதன் விளைவாகப் பிரதேச வைத்தியசாலையிற் கட்டில்கள் வெறுமையாகக் கிடக்கையில், போதனா வைத்தியசாலையில் நோயாளர் தரையிற் பாய் விரித்துக் கிடக்கின்றனர். இருமலுக்கும் தடிமனுக்கும் 'பெரியாஸ்பத்திரி'க்கு வரும் சனத்தைக் குறைகூறுதல் இலகு. ஆனால் ஊர் வைத்தியசாலையில் வைத்தியர் இருப்பாரா, மருந்து இருக்குமா என்ற நிச்சயமின்மையே அவர்களைப் பேருந்தில் ஏற்றுகின்றது.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது இவை யாவும் ஒருங்கே வெளிப்பட்டன. மார்ச் மாத இறுதியிற் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாடு காரணமாக வழமையான சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்தது. வைத்தியர்கள் பெருந்தொகையாக நாட்டைவிட்டு நீங்கினர். அந்நாட்களில் வெளிப்பட்ட மக்களின் பரிவு 2024 தொடக்கத்தில் மாறிற்று. வைத்தியருக்கான 35,000 ரூபா கொடுப்பனவு 70,000 ஆக உயர்த்தப்பட்டபோது, ஏனைய சுகாதார ஊழியர்கள் தமக்கும் 35,000 ரூபா கோரி வேலைநிறுத்தம் செய்தனர். வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். மருந்தின்றித் திரும்பியோரின் சினம் தாதியர் மீதும் சிற்றூழியர் மீதும் பாய்ந்தது. ஏற்றத்தாழ்வை உண்டாக்கிய தீர்மானம் எடுக்கப்பட்ட இடம் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூடிய யன்னலே தெரிந்தது. தரக்குறைவான இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பாக, சுகாதார அமைச்சராக இருந்தவரே அவ்வாண்டு பெப்ரவரியிற் கைதுசெய்யப்பட்டபோதுதான் மக்களின் சினம் அந்த யன்னலுக்கு மேலே உயர்ந்தது.

ஏச்சைக் காட்டிலும் எம்மைக் கவலைக்குள்ளாக்குவது மௌனமாகும். காலையில் விடுதியில் மூன்று நிமிடம் பார்த்த அதே வைத்திய நிபுணரை மாலையில் 'சனல்' பண்ணி ஆறுதலாகப் பேசலாம் என்ற வசதி பரவியதிலிருந்து, பணமுடையோர் முறைப்பாடு செய்யாமலே வரிசையைவிட்டு விலகுகின்றனர். ஆசிரியர், எழுதுவினைஞர், அரச அதிகாரி எனக் கடிதம் எழுதவும் அமைச்சரிடம் தூது செல்லவும் வல்ல மத்தியதர வர்க்கத்தினரே இவ்வாறு முதலில் நீங்குவோர். இதனை எழுதும் பல்கலைக்கழகத்தாராகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். சாதாரண காய்ச்சலுக்கு வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் நாம் அமர்ந்து பல காலமாயிற்று. எஞ்சி நிற்போர் விவசாயிகளும் மீனவரும் நாட்கூலிகளுமே. அவர்களது ஏச்சு அந்த மண்டபத்துக்கு அப்பாற் கேட்பதில்லை.

மலையகத்தைப் பார்க்கையில் இது மேலும் தெளிவாகும். தோட்டத் தொழிலாளரின் வைத்தியம் நீண்ட காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. பயிற்சி பெற்ற வைத்தியருக்குப் பதிலாகத் தோட்ட வைத்திய உதவியாளரே அங்கிருந்தார். வேலைக்குப் போகாதிருக்க அனுமதிக்கும் துண்டும் அவர் கையிலேயே இருந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களிலேதான், அதுவும் முற்றுப்பெறவில்லை. உரிமையாக எதுவும் கிட்டாத அவ்விடத்தில் நோயாளி ஏசவில்லை, கைகட்டி நின்றார். அவர்களது பேரப்பிள்ளைகள் இன்று நுவரெலியாவிலும் பதுளையிலும் அரச வைத்தியசாலைக்கு வந்து, "ஏன் மருந்து இல்லை, ஏன் தமிழிற் சொல்ல ஆளில்லை" என்று உரத்துக் கேட்கின்றனர். யன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்கு இது தொல்லையாகவே தோன்றும். அவரது நிலையும் நாம் அறிந்ததே.