நீலத் தொட்டியும் இட்லி மாவும்

உறவுக்காரர்களுக்குக் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் சட்டையிலோ சுடிதாரிலோ தொடங்குவார்கள். அளவு சரிவராது, அது பீரோவிலேயே கிடக்கும். துண்டு, துப்பட்டா, கைக்குட்டைக்கு அளவெடுக்கும் வேலையே இல்லை. வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை வாங்கி அவுரி நீலத்தில் தோய்த்தால் தாத்தாவும் போடுவார், கல்லூரிக்குப் போகும் அக்கா மகளும் போடுவாள்.

சிக்கல் என்னவென்றால், அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அவுரி இலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, படிகிற வண்டலைக் காயவைத்துக் கட்டியாக்குகிறார்கள். அந்தக் கட்டியை எவ்வளவு நைஸாக அரைத்துக் கலக்கினாலும் அடியில் போய் உட்காரும். துணியில் தேய்த்தால் உதிரும். துணிக்குள் நுழைய வேண்டுமானால் கொஞ்ச நேரத்துக்கு அது நீலமாக இருப்பதை விட்டுவிட வேண்டும்.

அதற்குத்தான் தொட்டி. தொட்டிக்குள் நடப்பதை இட்லி மாவு புளிக்கவைக்கத் தெரிந்த யாரும் புரிந்துகொள்ளலாம். அரைத்து முடித்ததும் மாவு தயாராகிவிடுவதில்லை. மூடிவைத்த பானைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இராத்திரி முழுக்க வேலை செய்ய வேண்டும். பழைய முறை நீலத் தொட்டியும் அப்படித்தான். நீலத்தோடு சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்ப்பார்கள். விதையைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். கூடவே நீல மூலக்கூறுக்கு ஹைட்ரஜன் ஏறும். ஏறியதும் நீலம் போய் மஞ்சள் சாயல் வரும். இந்த மஞ்சள் வடிவம் சுண்ணாம்புத் தண்ணீரில் கரையும். கரைந்தது நூலுக்குள் நுழையும்.

பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலப்பதுபோல, நன்றாக வேலை செய்யும் தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்துத்தான் புதுத் தொட்டி தொடங்குவார்கள். குளிர் மாதத்தில் இரண்டுமே மந்தமாகும். ஒரே ஒரு இடத்தில் ஒப்புமை உதைக்கும்: மாவு புளிக்க வேண்டும், தொட்டி புளிக்கவே கூடாது. நுண்ணுயிர்கள் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அதை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காரத்தன்மை பிஹெச் 10, 11 அளவில் நிற்கிறதா என்று தாளை நனைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டில் முதல்முறை செய்கிறவர்களுக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம். மாவு புளிக்கவைக்காமல் ஈனோ போட்டு ரவா இட்லி ஊற்றுவதில்லையா? அதேபோல நுண்ணுயிரைக் கூப்பிடாமல், சர்க்கரையின் வேதியியலை மட்டும் வைத்து வேலையை முடிக்கும் முறை உண்டு. பிரெஞ்சு சாயக் கலைஞர் மிஷேல் கார்சியா பரப்பிய கணக்கு இது: நீலம் ஒரு பங்கு, நீர்த்த சுண்ணாம்பு இரண்டு, ஃப்ரக்டோஸ் மூன்று. பத்து லிட்டர் வாளிக்கு 50 கிராம், 100 கிராம், 150 கிராம். கடைச் சர்க்கரை இங்கே உதவாது. ஆக்ஸிஜனைப் பிடுங்கும் குணம் அதற்கு இல்லை. கனிந்து கறுத்த வாழைப்பழத்தைக் கொதிக்கவைத்து வடித்த சாறுக்கு அந்தக் குணம் உண்டு. சுண்ணாம்பு, அலுமினியத்தை அரிக்கும் என்பதால் எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ போதும். கையுறை கட்டாயம். பிறகு சமையலுக்குத் திரும்பப் போகிற பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள்.

சூடான தண்ணீரில் மூன்றையும் கலந்து, மெதுவாகக் கிளறி, மூடிவைக்கவும். மாவுப் பானையைத் திறந்து பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல இங்கேயும் பார்க்க ஒரு அடையாளம் உண்டு. மேலே செம்பு நிறத்தில் மினுங்கும் ஒரு ஏடு படியும். நடுவில் நீல நுரை ஒதுங்கி நிற்கும். ஏட்டை ஒதுக்கிக் கீழே பார்த்தால் தண்ணீர் தெளிவான மஞ்சள் பழுப்பு. அப்போது தொட்டி தயார். உள்ளேயும் நீலமாகவே இருந்தால் காற்று புகுந்திருக்கிறது அல்லது சூடு போதவில்லை. இளஞ்சூடாக்கி, இன்னும் கொஞ்சம் ஃப்ரக்டோஸ் போட்டு விட்டுவிடுங்கள். அடிக்கடி கிளறுவதுதான் பெரும்பாலோர் செய்யும் கெடுதல்.

துணிக்கு முன்னேற்பாடு உண்டு. கடைத் துண்டில் கஞ்சி இருக்கும். சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசினால்தான் சாயம் சமமாக ஏறும். பாலியஸ்டர் கலந்ததா என்று சந்தேகமா? ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். பூ வேண்டிய இடத்தில் கொண்டைக்கடலையை வைத்துத் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டின இடத்தில் சாயம் போகாது. அவிழ்த்தால் வெள்ளை வளையம். மதுரைச் சுங்குடியின் அடிப்படையும் இந்த முடிச்சுதான். அங்கே கடலை வேண்டாம், விரல் நுனியே போதும்.

நனைத்துப் பிழிந்த துணியைக் குமிழி எழாமல் மெல்ல இறக்கி, அடியில் இருக்கும் சுண்ணாம்புச் சேற்றில் படாமல் ஐந்து பத்து நிமிடம் வைத்து, தண்ணீருக்குள்ளேயே பிழிந்து வெளியே எடுங்கள். வரும்போது பச்சை மஞ்சள். காற்றுப் பட்டதும் மடிப்பின் விளிம்பிலிருந்து நீலம் ஓடிவரும். மடிப்புக்குள் இன்னும் பச்சை தங்கியிருக்கும். பிரித்து விட்டால் அதுவும் மாறும். தொட்டி துணிக்கு நிறம் கொடுப்பதில்லை, நிறம் திரும்பி வர வழி மட்டும் செய்கிறது. மிச்ச வேலை காற்றினுடையது. நூலுக்குள் நுழைந்த மூலக்கூறு அங்கேயே மறுபடி கரையாத நீலமாகிச் சிக்கிக்கொள்கிறது.

அதனால் ஒரேயடியாக நீண்ட நேரம் ஊறவைத்தால் நீலம் ஆழமாகாது. கால் மணி நேரம் காற்றாடவிட்டு மறுபடி தோய்க்க வேண்டும்; கருநீலம் வேண்டுமென்றால் ஆறு ஏழு முறை. ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தால் வெளிறும் என்பதையும் கணக்கில் வைத்து, போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை தோய்ப்பது என் பழக்கம். கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் சுண்ணாம்பின் சொரசொரப்பு போகும். பிறகு சோப்புத் தண்ணீர்.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். நீலம் நூலோடு வேதிப் பிணைப்பு எதுவும் போடவில்லை, மேல் அடுக்குகளில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் 1897-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆலை நீலமும் இதே மூலக்கூறுதான்; ஜீன்ஸ் முட்டியில் வெளுப்பது இதனால்தான். ஆகவே பரிசோடு ஒரு சீட்டு வையுங்கள்: முதல் நாலைந்து சலவை தனியாக, நிழலில் உலர்த்தவும், சித்தப்பாவின் வெள்ளை வேட்டி இருக்கும் வாளியில் போடவே வேண்டாம்.